சக்கர வீட்டுக்குள் கியாஸ் கணப்பு

1969-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி. நிலவுக்குப் போய்த் திரும்பிய மூன்று அமெரிக்கர்கள் பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள். கப்பலில் ஏற்றியதும் அவர்களை நேராக ஒரு நீண்ட பெட்டிக்குள் அனுப்பிக் கதவை அடைத்தார்கள். ஜனாதிபதி நிக்சனே நேரில் வந்திருந்தும் கை குலுக்க முடியவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். நிலவிலிருந்து ஏதாவது கிருமி கூடவே வந்திருக்குமோ என்ற பயம்!

அந்தப் பெட்டி என்ன தெரியுமா? அமெரிக்கக் குடும்பங்கள் விடுமுறைக்குக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் 'ஏர்ஸ்ட்ரீம்' என்ற டிரெய்லர் வீடுதான். 35 அடி நீளம். சக்கரங்களை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் காற்று வடிகட்டப்படாமல் வெளியே போகாதபடி மாற்றி அமைத்திருந்தார்கள். ஒரு டாக்டரும் ஓர் என்ஜினீயரும் சேர்ந்து ஐந்து பேர் அதற்குள் இருந்தார்கள்.

காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்பதை அன்று அத்தனை பேர் கூடி நின்று கணக்குப் பார்த்தார்கள். ஆனால் அதே வகை வண்டியில் மனைவி மக்களோடு படுத்துத் தூங்கும் சாதாரண மனிதன் அந்தக் கணக்கைப் பார்க்கிறானா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நம் ரெயில்வேயில் பெரிய அதிகாரிகள் சுற்றுப்பயணம் போக 'சலூன்' என்று ஒரு பெட்டி உண்டு. படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அதிலேயே இருக்கும். என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் அதை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. அமெரிக்காவில் அந்தச் சலூனைச் சாதாரண ஜனங்களே ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்டவாளம் மட்டும் இல்லை.

ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் 'கிளிப்பர்' என்ற பெயர்பெற்ற வண்டி 1936-ல் வந்தது. ஆகாய விமானம் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த உடம்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1950-களிலும் 60-களிலும் இன்னும் பல கம்பெனிகள் இறங்கின. 'ஷாஸ்டா' என்ற வண்டிக்குப் பின்பக்கம் இரண்டு சிறகு வைத்திருப்பார்கள். பறப்பதற்கு அல்ல, அழகுக்கு. இவற்றில் பலவற்றுக்கு உள்ளே மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு.

இந்தப் பழைய வண்டிகளுக்கு இப்போது அந்நாட்டில் பெரிய கிராக்கி. யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் புல் முளைத்துக் கிடப்பதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் தேய்த்துக் கண்ணாடி போல் பளபளப்பாக்குகிறார்கள். ஜன்னலுக்குப் பழைய காலத்துத் திரைச்சீலை, மேஜைக்குப் பழைய காலத்து மைக்கா எல்லாம் போடுகிறார்கள். நம் ஊரில் பழைய 'அம்பாசடர்' காரை வைத்துச் சீராட்டுகிறவர்களைப் போலத்தான்.

அலுமினியத்தைத் தேய்க்கும் கை, கதவோரச் சுவரில் பதித்திருக்கும் ஒரு சிறிய இரும்புப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அதுதான் கியாஸ் கணப்பு. வண்டி செய்த காலத்தில் பொருத்தியது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

ஏன் புரோப்பேன்?

அமெரிக்காவின் வடபகுதியில் அக்டோபர் வந்தாலே குளிர் கடித்துவிடும். மெல்லிய தகட்டுச் சுவருக்குள் தூங்க வேண்டுமானால் கணப்பு வேண்டும். காட்டிலும் மலையிலும் மின்சாரம் கிடைக்காது. ஆகவே வண்டியின் முன்பக்கம், காருடன் சேரும் முக்கோணச் சட்டத்தின் மேல் ஒன்றோ இரண்டோ சிலிண்டர்களை நிறுத்தியிருப்பார்கள். அதிலிருந்து செப்புக் குழாய் வண்டியின் அடியில் ஓடி அடுப்புக்கும், கணப்புக்கும், சிலவற்றில் குளிர்ப்பெட்டிக்கும் விளக்குக்கும்கூடப் போகும். சிலிண்டர் வண்டிக்கு வெளியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே வைப்பது கூடாது.

நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாக மறுத்துத் திரவமாக நின்றுவிடும். லடாக் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் சிலிண்டர் கனமாக இருந்தும் அடுப்பு சரியாக எரியாததற்கு இதுவே காரணம். புரோப்பேன் அப்படியல்ல. பூஜ்ஜியத்துக்குக் கீழே 42 டிகிரி வரை அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். எனவே குளிர் நாட்டில் புரோப்பேன்தான்.

திரவம் ஆவியாகும்போது சுமார் 270 மடங்கு விரிகிறது. அதனால் சிலிண்டரை வாய்வரை நிரப்பமாட்டார்கள். நூற்றுக்கு எண்பது பங்குதான் நிரப்புவார்கள். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், கசிந்தால் மேலே போகாமல் தரையில் தண்ணீர் போலத் தேங்கும். அதற்கென்று இயற்கையில் வாசனை கிடையாது. நாம் முகரும் அழுகிய நாற்றம் எச்சரிக்கைக்காக வேண்டுமென்றே சேர்ப்பது. 1937-ல் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தின் அடியில் வாசனையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, சுமார் 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகுதான் அங்கே வந்தது.

ஆக, கசிவை மூக்கு கண்டுபிடித்துவிடும். மூக்குக்கு எட்டாத ஆபத்து இன்னொன்று இருக்கிறது.

சுடருக்கும் மூச்சு வேண்டும்

பழைய டிரெய்லர்களில் இருக்கும் கணப்புகள் மூன்று தினுசு.

முதல் தினுசில் சுடர் அறைக்குள்ளேயே எரியும். புகைக்குழாய் என்ற பேச்சே இல்லை. அறையின் காற்றைத்தான் அது தின்னும், எரிந்து கழிந்ததையும் அறையிலேயே விடும். இரண்டாவதற்குக் கூரைக்கு மேல் போகும் ஒரு புகைக்குழாய் உண்டு. ஆனாலும் எரிவதற்கு வேண்டிய காற்றை அறைக்குள்ளிருந்துதான் எடுக்கும். அடுப்பங்கரைக் காற்றாடியைப் போட்டுவிட்டால் போதும், அது உறிஞ்சும் வேகத்தில் புகைக்குழாயில் மேலே போக வேண்டியது தலைகீழாகத் திரும்பி அறைக்குள் இறங்கிவிடும். மூன்றாவதுதான் நல்லது. வெளிக்காற்றை ஒரு வழியாக இழுத்து, புகையை வெளியிலேயே விட்டுவிடும். சுடர் மூடிய இரும்பு அறைக்குள் எரியும். இரும்பின் சூடு மட்டும் நமக்கு வரும், சுடரின் மூச்சும் நம் மூச்சும் கலப்பதில்லை. இப்போது அமெரிக்காவில் புதிதாகச் செய்யும் வண்டிகளில், சமையல் அடுப்பு நீங்கலாக எரியும் சாதனங்கள் எல்லாம் இந்த மூன்றாவது முறையில்தான் இருக்க வேண்டும் என்பது நியதி. பழைய வண்டிகள் அந்த நியதிக்கு முன்பே பிறந்தவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குமாஸ்தாவுக்குக் கணக்கு இல்லாமல் பொழுது போகாது.

சின்ன டிரெய்லர் ஒன்றின் உள்ளளவு 14 அடி நீளம், ஆறரை அடி அகலம், ஆறேகால் அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 570 கன அடி காற்று. சுவர்க் கணப்பு மணிக்கு 10 ஆயிரம் பி.டி.யு. வெப்பம் தருவது என்றால், அது நம் வீட்டு அடுப்பின் பெரிய பர்னரை முழுதும் திறந்து வைத்ததைவிடச் சற்றுக் கூடுதல். மணிக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரோப்பேன் எரியும். அதற்கு மணிக்குச் சுமார் 90 கன அடி காற்று தேவை. ஆறரை மணி நேரத்தில் அந்த வீட்டுக் காற்று முழுவதும் தீர்ந்தது!

அவ்வளவு நேரம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. அது 18-க்கு இறங்கினாலே சுடர் கெட ஆரம்பித்துவிடும். இடுக்கெல்லாம் அடைத்த வண்டியானால் இதற்கு ஒரு மணி நேரம் போதும். குளிர் புகக் கூடாதென்று ரப்பர் பட்டை ஒட்டி ஒவ்வோர் இடுக்கையும் அடைப்பதுதானே புதுப்பிக்கிறவர்களின் முதல் வேலை! ஓட்டை உடைசலான பழைய வண்டியில் உயிர் பிழைத்தவன், அதைப் பழுது பார்த்த பிறகு ஆபத்தில் சிக்கிக்கொள்கிறான்.

இன்னொரு வேடிக்கை, தண்ணீர். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உண்டாகிறது. புகைக்குழாய் இல்லாத கணப்பு எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டே முக்கால் லிட்டர் அளவுக்கு ஆவியாக அறைக்குள் வந்து, குளிர்ந்த தகட்டுச் சுவரில் வியர்த்து வழியும். அது சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்யும். விடிந்ததும் ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக ஓடுகிறதென்றால், கணப்பு தன் புகையை வெளியே விடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

பிராணவாயு போதாமல் எரியும் சுடர் நீலம் போய் மஞ்சளாகும், கரி படியும். அப்போது உண்டாவதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளுடன் அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கைகால் அசதி. 'நாள் முழுக்க வண்டி ஓட்டிய களைப்பு' என்று நினைத்துப் படுப்பார்கள். தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க உடம்பு இடம் கொடுக்காது.

எங்கள் பர்சாத்தி அறை

இதை எழுதும் எனக்கு அந்தத் தலைவலி தெரியும்.

டெல்லிக்கு மாற்றலாகி வந்த முதல் ஜனவரி. மொட்டை மாடியில் ஒற்றை அறை, இங்கே பர்சாத்தி என்பார்கள். நானும் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு தம்பியும் பங்கு போட்டுக்கொண்டு குடியிருந்தோம். நம் ஊரில் மார்கழிக் குளிருக்குத் துண்டை இழுத்துப் போர்த்திய நமக்கு இந்த ஊர்க் குளிர் என்னவென்று தெரியாது. பக்கத்து வீடுகளில் பார்த்துவிட்டு நாங்களும் ஓர் அங்கீட்டி வாங்கினோம். தகர வாளியில் களிமண் பூசிய கரி அடுப்பு. வாசலில் வைத்துப் பற்ற வைத்து, புகை அடங்கிய பிறகு உள்ளே கொண்டு வந்தோம். புகைதான் இல்லையே என்று தைரியம். காற்று வந்த துவாரத்தில் நியூஸ் பேப்பரைச் சுருட்டித் திணித்தவன் நானே.

"அண்ணே, தலை பாரமா இருக்குண்ணே" என்றான் தம்பி. "பனி இறங்கியிருக்கும்டா, போர்த்திக்கிட்டுப் படு" என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் நெஞ்சு திடுக்கென்கிறது.

கீழ் வீட்டுச் சர்தார்ஜி தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதென்று மாடிக்கு வந்தவர், கதவு இடுக்கில் கரி வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். கதவை உடைப்பது போல் தட்டினார். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க என்னால் முடிந்தது, நிற்க முடியவில்லை. தம்பியை இருவரும் இழுத்து வெளியே போட்டோம். மொட்டை மாடிக் குளிரில் அவன் வாந்தி எடுத்தபோதுதான் உயிர் இருக்கிறதென்று நிம்மதி வந்தது. சர்தார்ஜி என்னை வைத வசவில் பாதி எனக்குப் புரியவில்லை. "ஹவா ஆனே தோ, பாயி" என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் புரிந்தது. காற்று வரட்டும் என்று அர்த்தம்.

அமெரிக்க டிரெய்லராக இருந்தாலும் டெல்லி மாடி அறையாக இருந்தாலும் சுடரின் குணம் ஒன்றுதான். டென்னிஸ் ரசிகர்களுக்கு விட்டாஸ் ஜெருலைட்டிஸ் பெயர் தெரிந்திருக்கும். 1977-ல் ஆஸ்திரேலியப் பட்டம் வென்றவர். 1994 செப்டம்பரில் நியூயார்க்குக்கு அருகே நண்பர் வீட்டு விருந்தினர் குடிலில் தங்கியிருந்தார். நீச்சல் குளத் தண்ணீரைச் சூடாக்கும் புரோப்பேன் சாதனத்தின் புகை, வெளியேற வேண்டிய வழியில் போகாமல் குடிலுக்குள் புகுந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 40.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன ஒரு குழு, தாமன் என்ற மலை ஊரில் விடுதியில் இரவு தங்கியது. குளிருக்காக அறைக்குள் கியாஸ் ஹீட்டர் வைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு 8 பேர் ஒரே அறையில் படுத்தார்கள். காலையில் கதவு திறக்கவில்லை. எட்டுப் பேரும் இறந்தார்கள். அவர்களில் நாலு பேர் குழந்தைகள்.

குளவிக்கூடும் மெல்லிய வெடிப்பும்

மூன்றாவது தினுசுக் கணப்பு நல்லது என்றேன். அதுவும் வயதானால் நம்பத்தக்கதல்ல. சுடரையும் நம் காற்றையும் பிரித்து வைப்பது ஒரே ஒரு தகட்டுச் சுவர். அறுபது வருஷம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அதில் மயிரிழை போல வெடிப்பு விழும், துருப்பிடித்து ஓட்டையாகும். வெளியே பார்த்தால் தெரியாது. காற்றாடி வைத்த கணப்பாக இருந்தால், அந்தக் காற்றாடியே விஷவாயுவைப் படுக்கை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். தேர்ந்த மெக்கானிக் கணப்பைக் கழற்றி வெளியே எடுத்து, உள்ளே விளக்கு வைத்துத் தகட்டின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். வெடிப்பு இருந்தால் ஒட்டுப்போடும் பேச்சே கிடையாது. மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு எதிரி, நம்ப மாட்டீர்கள், குளவி! நம் வீட்டு ஜன்னல் மூலையில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுமே, அந்த ஜாதிக் குளவி அமெரிக்காவிலும் உண்டு. வண்டி சும்மா நிற்கும் கோடைக் காலத்தில் புகைக்குழாயின் வாயில் கூடு கட்டிவிட்டுப் போய்விடும். குளிர்காலத்தில் கணப்பைப் பற்ற வைத்தால் புகை போக வழியிருக்காது. இதனால் அந்தக் குழாய் வாயில் கம்பி வலை போடுகிறவர்கள் உண்டு.

பழைய கணப்புகளில் 'பைலட்' என்று ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். காற்றடித்து அது அணைந்தால் கியாஸ் மட்டும் வந்துகொண்டே இருக்குமல்லவா? இதற்கென்று ஒரு நல்ல ஏற்பாடு கண்டுபிடித்தார்கள். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகக் குச்சி, அந்தச் சூட்டிலேயே மிகச் சிறிய மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்து குச்சி ஆறினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். 'தெர்மோகப்பிள்' என்பது அதன் பெயர். பேட்டரி வேண்டாம், மனிதன் வேண்டாம். ஆனால் மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் இது கிடையாது. இருப்பவற்றிலும், குச்சி கெட்டுப்போய்க் கணப்பு அடிக்கடி அணைகிறதென்று அதை ஏமாற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

சாலையில் இழுபட்டுக் குலுங்குவதால் செப்புக் குழாயின் இணைப்புகள் தளரும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே முறை, தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதல்ல. கசிவைக் காட்டும் எச்சரிக்கை மணியைத் தரையோரமாகவும், கார்பன் மோனாக்சைடு மணியைப் படுத்திருப்பவர் தலைமாட்டுக்குப் பக்கத்திலும் வைக்கிறார்கள். அந்த மணிகளுக்கும் ஆயுள் உண்டு, காலம் முடிந்தால் மாற்றியாக வேண்டும். விவரம் தெரிந்த பலர், பழைய கணப்பின் அழகான முகப்பை மட்டும் ஞாபகார்த்தமாகச் சுவரில் விட்டுவிட்டு, கியாஸ் குழாயை வெட்டி மூடி போட்டுவிடுகிறார்கள். வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே விடும் புதிய கணப்பை வேறிடத்தில் பொருத்திக்கொள்கிறார்கள்.

வண்டியில் கியாஸ் என்று எழுதிவிட்டு, சொந்த இலாகா சம்பந்தப்பட்டதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களில் 9 பேர் மாண்டார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரை வைத்துத் தேநீர் போட்டபோது நேர்ந்தது. ரெயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி, இப்படி அபாயப் பொருளை ரெயிலில் ஏற்றுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் சிலர் சின்னச் சிலிண்டரைச் சாக்கில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன். பார்சலில் போட வந்து என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. "சார், காலி சிலிண்டர்தான் சார்" என்பார்கள். காலி என்று நாம் சொல்லும் சிலிண்டருக்குள் மிச்ச ஆவி இருக்கும்.

பர்சாத்தியில் இப்போதும் அந்தத் தம்பிதான் குடியிருக்கிறான். கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. சென்ற மாதம் போயிருந்தேன். மின்சார ஹீட்டர் வாங்கிவிட்டான், அங்கீட்டியில் துளசிச் செடி வைத்திருக்கிறான். நான் பேப்பர் திணித்த துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லையும் பெயர்த்து எடுத்திருந்தான். "ராத்திரியிலே குளிர் உள்ளே வருதுங்க, சொல்லுங்களேன்" என்று அவன் மனைவி என்னிடம் முறையிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.